மூன்று பாடம், ஒரே தடவை

கண்டியில் ஒரு தனியார் கம்பஸில் ஒன்பது வருஷம் வேலை செய்தேன். கம்பஸ் என்றதும் மரமும் புல்வெளியும் நினைவுக்கு வரும். எங்களுடையது சேலைக் கடைக்கு மேலே இரண்டு மாடி. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கடையின் கழிப்பறையைத் தேடி வருகிறவர்கள், மீதிப் பேர் பட்டப்படிப்பைத் தேடி வருகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் முதலில் தென்படுவது என் மேசை.

என் வேலை சுருக்கமானது. வருகிறவர் நீட்டும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்து, தகுதி உண்டு அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்று பாடம், ஒரே தடவையில் சித்தி, அதாவது தேர்ச்சி. அதுதான் சட்டம். முதல் தடவை இரண்டு, மறு தடவை ஒன்று என்று கூட்டிக் காட்டினால் செல்லாது. பட்டத்தைத் தருகிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் போட்ட சட்டம் என்று எல்லாரிடமும் சொல்லுவோம். உண்மையில் எங்கள் பணிப்பாளர் போட்டது.

எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. கம்பளையிலிருந்து காலை பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வந்து, யாரோ ஒருவருடைய மூன்றாவது பாடத்தில் குறை கண்டுபிடிக்கும்போது எனக்குள் ஒரு திருப்தி உண்டாகும். இப்போது இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என்னிடமும் மூன்று பாடம்தான் இருந்தது, மூன்றும் எஸ், சாதாரண சித்தி. வேறு சொத்து இல்லாதவர்கள் இருப்பதைக் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

அப்படியிருந்த நாளில்தான் ஒரு பெண் வந்தார். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்துக்குத் தோட்டத்தில் அந்தப் பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். நனைந்த குடையைப் படியிலேயே சாய்த்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து நிரப்பிய விண்ணப்பத்தையும் பெறுபேற்றையும் எடுத்து, மேசையில் எனக்கு நேராகத் திருப்பி வைத்தார். பொதுவாக எல்லாரும் தங்களுக்கு நேராக வைப்பார்கள், நான்தான் திருப்ப வேண்டும்.

முன்பிள்ளைப் பருவக் கல்வியில் எங்களிடம் தமிழ் மொழியில் ஒரு பட்டப்படிப்பு இருந்தது. சனி, ஞாயிறு வகுப்பு. அதில் சேர வந்திருந்தார். தமிழில் சி, இந்து நாகரிகத்தில் எஸ், அளவையியலில், அதாவது தர்க்கத்தில், சித்தியில்லை.

"ஒரு பாடந்தானே மிஸ் கொறையுது?" என்றார்.

"ஒண்ணு கொறைஞ்சாலும் கொறைஞ்சதுதாங்க."

"பன்னெண்டு வருசமா புள்ளக்காம்பராவுல இருக்கேன். எனக்கு மேல ஒரு ஆபிசரம்மா இருப்பாங்க. படிச்சவங்க. வருவாங்க, ஒரு வருசத்துல மாத்தல் வாங்கிட்டுப் போயிருவாங்க. எந்தப் புள்ளைக்கு எது ஒத்துக்காதுன்னு வர்றவங்களுக்கெல்லாம் நாந்தான் சொல்லிக் குடுக்குறேன். அவங்க ஸ்டாப்பு, நான் லேபரு. இந்தப் படிப்ப முடிச்சா அந்த எடத்துக்கு நானே அப்ளிகேசன் போடலாம்."

"அனுபவம் வேற, தகுதி வேற" என்றேன். அந்த வசனம் எனக்கு வாயில் நன்றாகப் பழகியிருந்தது. பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் எழுந்து போய்விடுவார்கள்.

இவர் போகவில்லை. "அப்ப அதக் கொஞ்சம் எழுதிக் குடுங்க மிஸ்" என்றார்.

"எதை?"

"எனக்குத் தகுதி இல்லைன்னு. லயத்துல பக்கத்து வீட்டு ஆளுங்க நான் கண்டிக்கு வரவேயில்லைன்னு சொல்லுவாங்க. வந்தேன்னு காட்டணும்."

இல்லை என்பதை எழுத்தில் கேட்டவர் அவர் ஒருவர்தான். கம்பஸின் தலைப்புத் தாளில் தட்டெழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தேன். "மூன்று பாடங்களில் ஒரே தடவையில் சித்தியடையாமையால் தகுதியற்றவர்." அவர் நின்றபடியே வாசித்து, மடிக்காமல் உறைக்குள் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதில் அன்றைக்கு எனக்குப் பெருமை.

அதற்குப் பிறகு டொலர் ஏறியது. பெற்றோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்றது. எங்கள் கம்பஸில் மட்டும் வரிசை இல்லை. அதுவரை மாலைதீவிலிருந்து வருஷா வருஷம் பிள்ளைகள் வந்து சேர்வார்கள், அவர்களை நம்பித்தான் மேல் மாடியையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். கரண்ட் இல்லாத நாட்டில் படிக்க ஒருவரும் வரவில்லை. பணிப்பாளர் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு, இனி நாம் உள்நாட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்ப வேண்டும் என்றார். நல்ல மனிதர், கொழும்பிலிருந்து வந்தவர், யாரையும் சத்தம் போடமாட்டார். உள்நாட்டுப் பிள்ளைகள் என்று அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால், அவர்களை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர் போல இருந்தது.

முதல் சுற்றறிக்கை வந்தது. மூன்று பாடம் வேண்டும், ஆனால் எத்தனை தடவையில் எடுத்தாலும் பரவாயில்லை. அதை அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். இரண்டு மாதம் கழித்து, இரண்டு பாடம் போதும் என்று வந்தது. அதன் மேல் ஒட்டினேன். பிறகு, பரீட்சைக்குத் தோற்றியிருந்தாலே போதும், சித்தியைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை. அதையும் மேலே ஒட்டினேன். கடைசியில், இருபத்தைந்து வயதும் ஏதாவது வேலை அனுபவமும் இருந்தால் பரீட்சையே வேண்டாம் என்றார்கள். பலகையில் காகிதம் தடித்துப் போய், பசை பிடிக்கவில்லை.

எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற அண்ணன் அதை நின்று வாசித்தார். "மிஸ், இது படி நானும் வரலாமே" என்றார். வரலாம் என்றேன். ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருஷ அனுபவம், எல்லாம் பொருந்தியது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம் மிஸ். நான் படிச்சு கம்பஸோட பேரு கெட்டுறக் கூடாது" என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார். அந்த வருஷம் கம்பஸின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு பாடம் போதும் என்ற சுற்றறிக்கையை ஒட்டிய அன்றே தெல்தோட்டைக்காரியின் ஞாபகம் வந்தது. நான் திருப்பியனுப்பிய விண்ணப்பங்களுக்குத் தனி ஃபைல் வைத்திருந்தேன், அதில் அவருடையதும் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். தமிழ் சி, இந்து நாகரிகம் எஸ். இப்போது தகுதி உண்டு. திரும்பவும் ஃபைலில் வைத்தேன். விடுகிறேன் என்று நினைத்தேனே தவிர விட முடியவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த முகம் வந்து நின்றது. நான் பரிதாபப்படுகிற ரகம் இல்லை, எரிச்சல்தான் வந்தது. சட்டம் போட்டவர் ஒருவர், மாற்றியவரும் அவரே, மனம் உறுத்துவது மட்டும் எனக்கா?

கடைசியில் தோட்டப் பக்கம் போய் ஆள் சேர்க்க வேண்டும் என்று பணிப்பாளர் சொன்னதும், தெல்தோட்டைக்கு நான் போகிறேன் என்றேன். என் ஊக்கத்தைப் பாராட்டினார்.

பேராதனை தாண்டி, கலஹா தாண்டி, பஸ் கடைசித் தரிப்பில் இறக்கிவிட்டது. தோட்டத்து அலுவலகமான கந்தோரில் அனுமதி வாங்கி, வாசிகசாலையில் கூட்டம் வைத்தோம். கொழுந்தை எடை நிறுத்துவிட்டுத் தாய்மாரெல்லாம் நேராக அங்கே வந்துவிட்டார்கள். அதனால் பிள்ளைகளெல்லாம் பிள்ளைக்காம்பராவிலேயே இருந்தார்கள், அதனால் நான் தேடிப்போன ஆளும் கூட்டத்துக்கு வரவில்லை. நான் இனிமேல் யாரும் படிக்கலாம், வயது தடையில்லை, பரீட்சை தடையில்லை என்று பேசி, அறுபது படிவங்களைக் கொடுத்து, ஒரு கிழமைக்குள், ஏழு நாளில், நிரப்பி அனுப்பச் சொன்னேன். திரும்பும்போது பாதையிலிருந்து பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரை தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். பஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

ஒரு கிழமையில் பஸ் கொண்டக்டர் ஒரு பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். அறுபது கொடுத்தேன், அறுபத்து நான்கு வந்திருந்தது. நான்கு போட்டோ கொப்பி. ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, பிசிறில்லாத உருண்டை எழுத்து. ஒவ்வொரு வீட்டிலும் அப்பா, அம்மா, பிள்ளைகள், மாமியார் என்று ஆளுக்கொரு படிவம். மிகவும் வயது கூடியவருக்கு எழுபத்தெட்டு. கல்வித் தகைமை, இரண்டாம் வகுப்பு. ஆகக் குறைந்தவருக்கு எட்டு மாதம். கல்வித் தகைமை, இல்லை. தற்போது எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு, பிள்ளைக்காம்பராவில் என்று எழுதியிருந்தது. பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழ் இலக்கம் எல்லாம் சரி.

கம்பஸில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதே மலையகத்து ஆட்கள்தான். எங்கள் வீட்டிலும் யாராவது ஒரு படிவத்தோடு வாசலுக்கு வந்தால், அது எதற்கு என்று கேட்பதற்கு முன்னால் எல்லாருடைய பெயரையும் கொடுத்துவிடுவோம். சுதந்திரம் கிடைத்த பிறகு பிரஜாவுரிமைக்கு எழுதினார்களே, அப்போது என் அப்பாவின் சித்தப்பா ஒருவர் விறகுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்போது எழுதுகிறவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேலே அவர் எந்த நாட்டையும் சேர்ந்தவரில்லை. கம்பளையில்தான் இருந்தார். அந்த மாதிரி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பல்கலைக்கழகமோ, மண்ணெண்ணெயோ, வீட்டுத் திட்டமோ, பெயரைக் கொடுத்து வைப்போம், பிறகு வேண்டாம் என்றால் அவர்களே வெட்டிக்கொள்வார்கள்.

பணிப்பாளர் மட்டும் சிரிக்காமல் எண்ணிப் பார்த்தார். அறுபத்து நான்கு என்றதும் முகம் மலர்ந்தது. எட்டு மாதக் குழந்தையை மட்டும் மனமில்லாமல் எடுத்து ஒதுக்கி வைத்தார்.

பழைய ஃபைலைத் திறந்து அந்த உருண்டை எழுத்தை ஒத்துப் பார்த்தேன். சந்தேகமில்லை, அவர்தான். அந்த லயத்தில் படித்தவர், எழுதத் தெரிந்தவர், அவரிடம்தான் எல்லாரும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அறுபத்து நான்கையும் இரண்டு தடவை புரட்டினேன். அவருடைய பெயரில் ஒரு படிவமும் இல்லை. அத்தனை பேரில் உண்மையிலேயே படிக்க ஆசைப்பட்டவர் அவர் ஒருவர்தான், அவரைத் தவிர எல்லாரும் விண்ணப்பித்திருந்தார்கள்.

அடுத்த கிழமையே போனேன். இந்தத் தடவை நேராகப் பிள்ளைக்காம்பராவுக்கு. மத்தியானம், பிள்ளைகள் வரிசையாகக் கட்டிய தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டி, ஒரு சின்னக் கதிரையை நகர்த்திப் போட்டார். மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்த கதிரை. என் முழங்கால் தாடைக்கு நேராக வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் கிசுகிசுப்பில்தான். சண்டையைக் கிசுகிசுப்பில் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எல்லாருக்கும் எழுதினீங்க. ஒங்களுக்கு எழுத மறந்துட்டீங்களா?"

"மறக்கல மிஸ்."

அலுமாரியைத் திறந்து, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். உறை மாறவில்லை. என் கையெழுத்து, என் சீல். "நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. தகுதி இல்லைன்னு."

"அது அப்ப. இப்ப சட்டம் மாறிருச்சு. பரீட்சையே வேணாங்குறாங்க, ரெண்டு பாடம் இருந்தா ரொம்பப் போதும். ஒங்களுக்கு ரெண்டு இருக்கு."

"சட்டம் மாறிருச்சு, சரி. நான் மாறலியே மிஸ். அதுக்கப்புறம் ஒரு புஸ்தகம்கூட நான் தொறக்கல. அன்னைக்கி இல்லாத தகுதி எனக்கு எங்கேருந்து வந்துச்சு? அன்னைக்கி நீங்க சொன்னது தப்பா, இல்ல இன்னைக்கி சொல்றது தப்பா?"

அளவையியலில் சித்தியடையாத ஒருவர் கேட்ட கேள்வி. ஒரு தொட்டில் அசைந்தது. அவர் எழுந்து போய் ஆட்டிவிட்டு வந்தார். அந்த நேரத்தில் யோசித்து, சரி, உள்ளதையே சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

"கம்பஸுக்கு ஆள் இல்லங்க. வெளிநாட்டுப் புள்ளைங்க வர்றதில்ல. அதனால எல்லாத்தையும் எறக்கிட்டாங்க. தப்பு ஒங்க மேலயும் இல்ல, தகுதி மேலயும் இல்ல."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தார். "கொழுந்து இல்லாத மாசத்துல தேயில ஸ்டோருல முத்தல் எலையையும் வாங்கிக்குவாங்க மிஸ். வாங்கிட்டாங்கங்கறதுக்காக அது கொழுந்து ஆயிருமா?"

"ஒங்களுக்கு அந்த ஆபிசரம்மா வேலை வேணும்ல? எந்த வழியா உள்ள வந்தா என்னாங்க?"

"வேணும் மிஸ். ரொம்ப வேணும்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய கிசுகிசுப்பு தடுமாறியது. "ஆனா நாளைக்கி அந்தக் கதிரையில ஒக்காந்தேன்னா, இவ ஆள் பத்தாம எடுத்த ஆளுன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. நானே என்னைய அப்படி நெனச்சுக்கக் கூடாது. மூணையும் எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் எடம் வச்சிருப்பீங்களா?"

எனக்கு அப்படி வாக்குக் கொடுக்க ஒரு அதிகாரமும் கிடையாது. அந்தப் படிப்பையே அடுத்த வருஷம் நடத்துவார்களா என்பது பணிப்பாளருக்கும் தெரியாது. "வச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

தனிப்பட்ட பரீட்சார்த்திக்கான விண்ணப்பத்தை நான்தான் வாங்கி அனுப்பினேன். பழைய வினாத்தாள்களைக் கண்டிக் கடைகளில் தேடிச் சேர்த்து அதே கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் தூங்குகிற இரண்டு மணி நேரத்தில் படிப்பதாகச் சொன்னார். ஒரு பிள்ளைக்குப் பல் முளைத்த மாதத்தில் ஒன்றுமே படிக்கவில்லையாம். பரீட்சையும் ஒத்திவைத்து ஒத்திவைத்து நடந்தது, பெறுபேறும் இழுத்தடித்து வந்தது. அன்றைக்கு அவர் போனில் பரீட்சைச் சுட்டிலக்கத்தைச் சொல்ல, நான் கம்பஸ் கம்ப்யூட்டரில் பார்த்தேன்.

அளவையியல், எஸ். சத்தம் போட்டே சொல்லிவிட்டேன். தமிழ், சி. இந்து நாகரிகம், சித்தியில்லை.

"அதுதான் மிஸ் எனக்குப் போன தடவ இருந்துச்சு" என்றார்.

"அதனால என்னாங்க? அன்னைக்கி இந்து நாகரிகம் இருக்கு, இன்னைக்கி அளவையியல் இருக்கு. தமிழோட ரெண்டையும் சேத்தா மூணு பாடம். இனி எந்தச் சட்டத்துலயும் ஒங்களுக்குத் தகுதி இருக்கு."

"ஒரே தடவையில எடுக்கணும்னுல்ல மிஸ் எழுதியிருக்கு" என்றார். "இன்னொரு தடவ பாக்குறேன்."

எங்கள் கம்பஸின் பழைய சட்டத்தைக் கடைப்பிடிக்கிறவர் அப்போது உலகத்திலேயே அவர் ஒருவர்தான். போட்ட பணிப்பாளர் மறந்துவிட்டார், காவல் காத்த நான் கைவிட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். அவருக்காகவா, என் கடிதத்துக்காகவா என்று தெரியவில்லை. வெளியே கடைக்கு வந்தவர்கள் கதவைத் தட்டியதால் அதிக நேரம் அழ முடியவில்லை.

அந்த இன்னொரு தடவைக்குள் கம்பஸ் எங்கேயோ போய்விட்டது. என் மேசையை எடுத்துவிட்டு சோபா போட்டார்கள், எனக்கு ஆலோசகர் என்று பெயர் வைத்தார்கள். வாசலில் பலூன் கட்டினார்கள். இல்லை என்று சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு மிச்சமிருந்த சட்டம். ஒன்பது பக்கமாக இருந்த படிவம் ஒரு பக்கமானது. பெயர், போன் நம்பர், எந்தப் படிப்பு, டீ சேர்ட் அளவு. சேர்கிறவர்களுக்கு ஒரு டீ சேர்ட் கொடுத்தோம். பிள்ளைகள் வந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு மாடியும் நிரம்பியது. அவர்களில் சிலர் நன்றாகவே படித்தார்கள், அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. எத்தனை பேரை அந்தப் படியில் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

முன்பிள்ளைப் பருவக் கல்விக்கு மட்டும் அவ்வளவு ஆள் வரவில்லை. தமிழ் வகுப்புக்கு இதுதான் கடைசி அணி, இந்த மாதத்தோடு பதிவை மூடுகிறோம் என்று பணிப்பாளர் சொன்னார். பெறுபேறு இன்னும் வந்திருக்கவில்லை. தெல்தோட்டைக்குப் போன் போட்டேன். "இப்ப வந்து பேரப் பதிஞ்சிருங்க, பெறுபேற்றப் பொறவு பாத்துக்கலாம். இத விட்டா வேற வகுப்பு இல்ல" என்றேன். "ரிசல்ட் வரட்டும் மிஸ்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அத்தனை பிடிவாதத்தையும் நான்தான் ஒரு தாளில் தட்டெழுதி, சீல் குத்திக் கொடுத்திருந்தேன் என்பதால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

மாதம் முடிந்தது. பதிவை மூடியாகிவிட்டதா என்று பணிப்பாளர் கேட்டார். ஒருவருடைய புகைப்படம் வரவேண்டும் என்றேன். மறு கிழமையும் கேட்டார், புகைப்படம் தெளிவில்லை, வேறு கேட்டிருக்கிறேன் என்றேன். அதற்கடுத்த கிழமை, அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். படிவத்தில் புகைப்படம் ஒட்டும் இடமே இப்போது இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஒன்பது வருஷத்தில் நானாகச் சொன்ன பொய்கள் இவ்வளவும்தான்.

பெறுபேறு வந்த அன்றைக்கு அவர் போன் பண்ணவில்லை. நான் போட்டும் எடுக்கவில்லை. சுட்டிலக்கம் என்னிடம் இல்லை, இந்தத் தடவை தரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். மறுநாள் பதினொரு மணிக்குப் படியேறி வந்தார். தலைமயிர் காதோரம் நரைத்திருந்தது. பலூன்களைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். அதில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"படிவம் குடுங்க மிஸ்."

கொடுத்தேன். நின்றபடியே பெயரை எழுதினார், போன் நம்பரை எழுதினார், படிப்பின் பெயரை எழுதினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடியும் முன்பக்கம் பார்த்தார்.

"ரிசல்ட்ட எங்க மிஸ் எழுதுறது?"

"அது... இப்ப கேக்குறதில்லங்க."

"முன்ன நான் எழுதுன படிவத்துல கல்வித் தகைமை கேட்டிருந்துச்சே?"

"அதுவும் எடுத்துட்டாங்க."

தகுதியில்லை என்று நான் சொன்ன அன்றைக்குக்கூட அவருடைய முகம் அப்படி விழவில்லை. சோபாவில் இருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கட்டிடத்துக்கும் பலூனுக்கும் சேர்த்து நானே வெட்கப்பட்டேன்.

"அப்ப இத யாரு பாக்குறது?" என்று பிளாஸ்டிக் உறையை லேசாகத் தூக்கிக் காட்டினார்.

"நான் பாக்குறேன். குடுங்க."

எனக்கு நேராகத் திருப்பித் தந்தார். நான் எழுந்து நின்று வாங்கினேன். பெயரைப் பார்த்தேன், அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தேன், வருஷத்தைப் பார்த்தேன். அவசரப்படவில்லை. பிறகு அந்த மாடியில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். தமிழ், பி. இந்து நாகரிகம், சி. அளவையியல், எஸ். மூன்று பாடம், ஒரே தடவை. படிவத்தில், டீ சேர்ட் அளவுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், அதை அப்படியே எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். கம்ப்யூட்டர் அதை எடுத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும்.

அவர் அதைக் குனிந்து வாசித்தார். சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார்.

"இப்ப சேத்துக்குங்க மிஸ்" என்றார்.